கீழிருந்து தொடங்கிய வாய்க்கால்

கீழே என்பதற்கான பிலோ என்ற ஆங்கிலச் சொல்லைப் படிப்பிக்கும் நாளில் எனக்குக் கோபம் வந்துவிடும். அது பிள்ளைகளுக்கும் தெரியும். "ரீச்சருக்கு இண்டைக்கு பிலோ" என்று ஒருவருக்கொருவர் காதுக்குள் சொல்லிவிட்டு, கொப்பிகளை ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள்.

கிளிநொச்சிப் பக்கத்தில், ஒரு பெரிய குளத்துத் தண்ணீரை நம்பி வாழும் குடியேற்றத்திட்டம் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா கடைசிச் சண்டையில் போய்விட்டார். வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில் போட்டு ஆங்கில ரியூசன் நடத்துகிறேன். ஒரு கரும்பலகை, பிள்ளைகள் வரிசையாக இருக்கச் சில வாங்குகள், எப்போதோ நின்றுபோன ஒரு மின்விசிறி. அரசாங்க வேலை கிடைக்கவில்லை. வவுனியாவில் தங்கிப் படித்த படிப்பை இங்கே கொண்டுவந்து விற்கிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

பாடப்புத்தகத்தில் பிலோவுக்குக் கொடுத்திருக்கும் வாக்கியங்களைப் பார்க்கவேண்டும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனதாம். பள்ளத்தாக்கில் பனி மூடியதாம். பங்குனி வெயிலில், தகரக் கூரையின் கீழ், நெற்றி வேர்வை கொப்பியில் விழ விழ எங்கள் பிள்ளைகள் அந்தப் பனியைப் பாடமாக்குவார்கள். போன வருடம் நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"இதை விடுங்கோ. இந்த ஊரில எது எதுக்குக் கீழ இருக்குது எண்டு பாத்து, ஆளுக்கு ஒரு வசனம் எழுதுங்கோ" என்றேன்.

எழுதுவதற்கு முன்பு சொற்களைப் பிரித்துக் காட்டினேன். கீழே என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல் இருக்கிறது. கதிரைக்குக் கீழே பூனை படுத்திருந்தால் அது அண்டர். மேலே ஒன்று மூடிக்கொண்டு நிற்கவேண்டும். பிலோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தாழ்ந்த இடமாக இருந்தால் போதும், எவ்வளவு தள்ளியும் இருக்கலாம். ஆற்றிலோ வாய்க்காலிலோ தண்ணீர் போகும் பக்கத்தில் இருப்பதையும் பிலோ என்றே சொல்லலாம். அண்டர்நீத் என்றால் ஒளிந்து கிடப்பது. மெத்தைக்கு அடியில் அம்மா வைக்கும் காசு மாதிரி. கடைசியாக பினீத். அது புத்தகங்களில் நடமாடும் சொல். ஒருவர் ஒன்றைத் தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தால் அதற்கும் பினீத் என்று சொல்லலாம். "உதாரணம் சொல்லுங்கோ ரீச்சர்" என்று பின்வாங்கில் இருந்து ஒரு குரல் கேட்டது. "உனக்கே ஒருநாள் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் எழுதிய வசனங்கள் நன்றாக இருந்தன. அனேகமானவர்கள் நாங்கள் குளத்துக்குக் கீழே இருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். எந்தக் குளத்துக்குக் கீழே வயல் என்று கேட்டுத்தான் கலியாணமே பேசுவார்கள். முன்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை, ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவரின் மகள், அழகான எழுத்தில் எழுதியிருந்தாள்: ரீச்சரின் வயல் எங்கள் வயலுக்குக் கீழே இருக்கிறது.

சொல் சரி, எழுத்துச் சரி. அவள் நக்கலாக எழுதவில்லை. உள்ளதைத்தான் எழுதினாள். பெரிய சரி ஒன்று போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அன்று பின்னேரம் கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம் இருந்தது. அந்த வசனத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் நான் அங்கே போனேன்.

எங்கள் வயல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். குளத்தில் இருந்து வரும் பெரிய வாய்க்காலில் இருந்து எங்களுடைய சின்ன வாய்க்கால் பிரிகிறது. பிரியும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு. கதவடியில் இருப்பவை மேல்வயல்கள். வாய்க்கால் முடிகிற இடத்தில் இருப்பவை கீழ்வயல்கள். வரம்பில் நின்று பார்த்தால் மேலும் தெரியாது, கீழும் தெரியாது, எல்லாம் ஒரே வெளிதான். தண்ணீருக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியும். அம்மாவின் வயல் கடைசி வயல். அதற்கு அங்கால் காடு.

மேல்வயல்காரர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத்துக்கு வந்த குடும்பங்கள். அவர்களும் சும்மா வரவில்லை, காடு வெட்டித்தான் வந்தார்கள். அம்மாவின் ஆட்கள் அதற்குப் பிறகு, கலவரத்தில் அடிவாங்கி, மலைநாட்டில் இருந்து ஓடிவந்தவர்கள். மிச்சமாக இருந்த வாய்க்கால் நுனியை அவர்களுக்குக் காட்டினார்கள். "மலையில உச்சியில இருந்த எங்களைக் கொண்டுவந்து கடைசியில விட்டவங்கள்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். அந்த நாளில் எங்களைக் குறிப்பதற்கு மேல்வயல்காரர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. இப்போது அந்தச் சொல் குறைந்துவிட்டது. கடைசிக்காரர் என்கிறார்கள். மரியாதை கூடிவிட்டதாம்.

கூட்டங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கும். அங்கே யாரும் யாரையும் இந்த இடத்தில் இரு என்று சொல்வதில்லை. ஆனாலும் வாய்க்கால் எந்த ஒழுங்கில் ஓடுகிறதோ அதே ஒழுங்கில் எல்லோரும் போய் இருந்துகொள்வார்கள். கதவடி வயல்காரர்கள் முதல் வரிசைக் கதிரையில், அடுத்தவர்கள் அடுத்த வரிசையில், நாங்கள் கடைசியில். கதிரை முடிந்துவிட்டால் நிலத்தில். அம்மா எப்போதும் வாசல் பக்கம் நிலத்தில்தான் இருப்பார். "காத்து நல்லா வருது" என்பார்.

இனிச் சிறுபோகத்தின் வழமையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். மாரியில் காலபோகம், அப்போது மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்துவிடும். கோடையில் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் மட்டும்தான். அது எல்லா வயலுக்கும் காணாது. அதனால் கீழ்வயல்களை விதைக்காமல் விட்டு, அந்தக் குடும்பங்களுக்கு மேல்வயல்களில் ஆளுக்கொரு துண்டு ஒரு போகத்துக்குக் கொடுப்பார்கள். விதைத்து வெட்டிக்கொண்டு போகலாம், நிலம் திரும்ப அவர்களுக்கு. யார் கண்டுபிடித்தாரோ, நல்ல மனம் உள்ளவராக இருந்திருக்கவேண்டும். அவருக்குப் பிறகு வந்தவர்கள்தான் துண்டைத் தெரிந்தெடுப்பதில் கெட்டிக்காரர்கள். எங்களுக்கு வருடா வருடம் கிடைப்பது தலைவரின் வயல் மூலையில் ஒரு திட்டி. வாய்க்காலைவிட உயரமான இடம். மேல்வயலுக்குள்ளேயே ஆக மேலான இடம் எங்களுக்குத்தான். தண்ணீர் அதில் ஏறாது. அந்தக் கூட்டத்துக்கு முந்திய சிறுபோகத்தில் அம்மா வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார். கதிர் வெளிவருவதற்குச் சற்று முன்பு, குடலைப் பருவத்தில், பயிர் எரிந்துபோனது. அன்று அம்மா வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் அழுதேன், கவலையைவிட ஆத்திரத்தில்தான் கூட அழுதேன்.

அதனால் இந்தக் கூட்டத்தில் எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் சொந்த வயலுக்குத் தண்ணீர்.

நீர்ப்பாசன அதிகாரி எழுந்து, இந்த முறை குளத்தில் பரவாயில்லாத தண்ணீர் இருக்கிறது, முறை வைத்து விட்டால் எல்லோருக்கும் காணும் என்று சொன்னார். பின்வரிசையில் ஒரு சலசலப்பு. தலைவர் தொண்டையைச் செருமினார். ஐம்பது தாண்டியவர், வேட்டி சேட்டில் எப்போதும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போல இருப்பார்.

"காணும் எண்டு கணக்கில காணும். கீழ போய்ச் சேராது. அவையளுக்கு வழமைபோலத் துண்டு குடுப்பம்."

நான் எழுந்து நின்றேன். பயம் இருந்தது உண்மைதான். ஆனால் ரீச்சருக்கு ஒரு வசதி உண்டு, பயந்துகொண்டே சத்தமாகப் பேசிப் பழகியிருப்போம்.

"ஏன் சேராது?"

"மேல எல்லாரும் பாய்ச்சி முடிஞ்சாத்தானே பிள்ளை கீழ வரும்."

"அப்ப முதல் முறையைக் கீழ விடுங்கோ. மேல்வயலுக்குத் தண்ணி போற வாயெல்லாத்தையும் கட்டிப்போட்டு, தண்ணியைக் கடைசிக்கு ஓட விட்டு, அங்க இருந்து ஒவ்வொருத்தராப் பாய்ச்சிக்கொண்டு மேல வருவம். கடைசி முறை கதவடிக்கு. கதவடிக்குத் தண்ணி எப்பவும் வரும். எங்களுக்கு அப்பிடி இல்ல."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "தண்ணி மேல இருந்து கீழதானே பிள்ளை ஓடும்? அதையும் இங்கிலீசில மாத்திப்போட்டினமோ?"

"ஓம், மேல இருந்துதான் வருது. மேல இருக்கிற ஆக்களுக்குத்தான் முதல் எண்டு தண்ணி ஒண்டும் சொல்லேல்ல."

அதிகாரி தன் பேனையைப் பார்த்துக்கொண்டு, "செய்யலாம்தான், அமைப்பு தீர்மானிக்கவேணும்" என்றார். தலைவரின் முகம் கறுத்துவிட்டது.

"வாய்க்கால் நிறையத் தண்ணி போகும். நான் என்ர வயல் வாயைக் கட்டிப்போட்டு, அது போறதைப் பாத்துக்கொண்டு நிக்கவோ? எங்களுக்கெண்டு ஒரு இது இருக்கெல்லோ."

அவர் சொல்லாமல் விட்ட சொல் எனக்குத் தெரியும். பினீத், அன்று காலைதான் அதைப் படிப்பித்திருந்தேன். பின்வாங்குப் பிள்ளை கேட்ட உதாரணம் கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தது.

"நாங்கள் இத்தினை வருசமும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றேன். "உங்களை ஒரு முறைதான் கேக்கிறம்."

பிறகு கதைப்போம் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். பிறகு என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன், அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். படலையைத் திறக்கும்போது நான் அந்த விசயத்தைத் தொட்டேன்.

"நீங்கள் முகாம் கதையைச் சொல்லியிருக்கவேணும். எல்லாற்ற முன்னாலயும் சொல்லியிருக்கவேணும்."

சண்டை முடிந்து எங்களை எல்லாம் வவுனியா முகாமில் அடைத்து வைத்திருந்த காலம். அங்கே மேல்வயலும் இல்லை, கீழ்வயலும் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கூடாரம், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வந்தால் எல்லோருக்கும் ஒரே வரிசை. ஒருநாள் அம்மா வரிசையில் நன்றாக முன்னேறி நிற்கிறார். பின்னால், வெகுதூரம் பின்னால், தலைவர் ஒரு சின்னத் தண்ணீர்க் கானோடு நிற்கிறார். அப்போது அவர் தலைவர் இல்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், நெருப்பாய்க் கொதிக்கிறது, துடைக்கக்கூடத் தண்ணீர் இல்லை என்று யாரோ கதைத்தது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. அம்மா திரும்பிப் போய், அவரைத் தன் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, அவருடைய இடத்தில் நின்றார். அன்று பவுசர் அம்மாவரைக்கும் வரவில்லை. நாங்கள் தண்ணீர் இல்லாமல் படுத்தோம். அதற்காக நான் அம்மாவோடு சண்டை பிடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கைக்குழந்தைதான் இப்போது என் முன்வாங்கில் இருந்து அழகான எழுத்தில் எழுதுகிறாள்.

அம்மா படலையைச் சாத்தினார். அவருடைய பேச்சில் மலைநாடு எப்போதோ கரைந்துவிட்டது. கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அன்று எட்டிப் பார்க்கவில்லை. மிக அமைதியாகச் சொன்னார்.

"அதைச் சொல்லி வாங்கிற தண்ணி என்ர வயலுக்கு வேண்டாம்."

"ஏனம்மா?"

"அது அந்தப் பிள்ளைக்குக் குடுத்தது. இவருக்கு விக்கிறதுக்கு இல்ல." பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வாய்க்கால் துப்புரவுக்கு எங்களைக் கூப்பிடுவினம்தானே, அப்ப பாப்பம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு வாய்க்காலை எல்லாக் குடும்பமும் சேர்ந்து துப்புரவாக்கவேண்டும். துப்புரவாகாவிட்டால் அதிகாரிகள் கதவைத் திறக்கமாட்டார்கள். வேலை எப்போதும் கதவடியில்தான் தொடங்கும். அங்கேதான் சேறும் புல்லும் பாசியும் கூட. இடுப்பளவு இறங்கி அள்ளவேண்டும். மேல்வயல் வீடுகளில் இளம் ஆட்கள் அனேகம்பேர் வெளிநாட்டில். மண்வெட்டி பிடிக்கிறவர்கள் கீழே இருந்து போகிற நாங்கள்தான். கதவடி முடிந்து, மேல்வயல் முடிந்து, நடுவுக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். பால் இல்லாத தேநீர், பிளேன்ரீ, வரும். ரீ குடித்ததும் மேல்வயல்காரர்களுக்கு ஒவ்வொருவராக வேறு வேலை ஞாபகம் வரும். கடைசித் துண்டை நாங்கள் எப்போதும் தனியாகத்தான் வெட்டியிருக்கிறோம். இது ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் வேலை மேலே இருந்து கீழே வருவதுதானே வழக்கம்.

கீழ்வயல் வீடுகளுக்கு நடந்தே போய் விசயத்தைச் சொன்னோம். ஒருவருக்கும் இரண்டாம் தரம் விளங்கப்படுத்தவேண்டி இருக்கவில்லை. பிறகு அமைப்பின் வட்ஸ்அப் குழுவில், நல்ல அழகான எழுத்துத் தமிழில், நான் ஒரு செய்தி போட்டேன். இம்முறை வாய்க்கால் துப்புரவு கடைசி வயலில் இருந்து ஆரம்பமாகும், அங்கத்தவர்கள் அனைவரும் மண்வெட்டியுடன் அங்கு வருகை தருமாறு அன்புடன் அழைக்கிறோம். அன்புடன் என்பதை அழிப்போமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படியே விட்டேன்.

அந்த நாளில் கீழ்வயல் ஆட்கள் ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். மேலே இருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் வழமைபோலக் கதவடியில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்களாம். நாங்கள் காட்டோரத்தில் தொடங்கி மேல்நோக்கி வெட்டிக்கொண்டு போனோம். காலை வெயிலில், களைக்காத கையோடு, எங்கள் துண்டை நாங்கள் முதலில் வெட்டியது அதுதான் முதல் தடவை. வெட்டின வாய்க்காலைத் திரும்பிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. கீழ்வயல் எல்லையில் ஒரு பாலைமரம் நிற்கிறது. அதடியில் வந்ததும் எல்லோரும் மண்வெட்டியைக் கழுவி, நிழலில் இருந்தோம். எங்கள் பிளேன்ரீயை நாங்களே ஊற்றிக் குடித்தோம்.

தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பாலைமரத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்.

"என்ன இருந்திட்டியள்? மேல எல்லாம் கிடக்கு."

"எங்கட பக்கம் முடிஞ்சுது" என்றேன். "நீங்கள் கீழ வந்திருந்தா நாங்கள் மேல வந்திருப்பம்."

"இது என்ன புதுப் பழக்கம்?"

"பழைய பழக்கம்தான். தலையையும் வாலையும் மட்டும் மாத்தியிருக்கிறம்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ரீயைக் குடித்துக்கொண்டு இருந்தார். தலைவர் வண்டியைத் திருப்பினார்.

அடுத்த நாள் என் முன்வாங்கு காலியாக இருந்தது. மேல்வயல் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ரியூசன் வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த வாங்குகளில்தான் இருந்தது. எனக்குப் பயம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். அறைக்குள் விதைநெல் மூட்டை வேறு கிடந்தது. விதைக்கும் நாள் தள்ளித்தள்ளிப் போனால் எங்களுக்கும்தான் நட்டம். இருந்தாலும் மிச்சமிருந்த பிள்ளைகளை நான் பின்வாங்கிலேயே விடவில்லை. எல்லோரையும் எழுப்பி முன்னுக்கு வரச் சொன்னேன். வர மனமில்லாமல் வந்தார்கள். அந்தக் கொட்டிலில் அவர்களுக்கும் தங்கள் தங்கள் இடம் என்று ஒன்று பழகியிருந்தது. அதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

தலைவர் கூலிக்கு ஆள் தேடினார், விதைப்புக் காலத்தில் ஆள் எங்கே கிடைக்கும்? பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து தோண்டுவோம் என்று பார்த்தார். கரை உடைந்துவிடும் என்று அதிகாரி மறித்துவிட்டார். குளத்தில் தண்ணீர் நிற்கிறது, பக்கத்து வாய்க்கால்களில் ஓடவும் தொடங்கிவிட்டது, எங்கள் கதவு மட்டும் பூட்டியபடி. மேல்வயல்காரர்களுக்குள்ளேயே கதை மாறியது. ஒரு கிழமையும் அவர்களால் பொறுக்க முடியவில்லை. காத்திருந்து பழகிய ஆட்களோடு காத்திருக்கும் போட்டிக்கு வந்தால் அப்படித்தான்.

ஒரு விடியற்காலை அவர்கள் வந்தார்கள். தலைவரும் மற்றவர்களும் மண்வெட்டியோடு, வாய்க்கால் கரை வழியாக நடந்து, பாலைமரத்தைத் தாண்டி, கடைசிவரை. தலைவருக்கு மூச்சு வாங்கியது. சுற்றிப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை என்று அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"இவ்வளவு தூரமோ" என்றார்.

"வாற எங்களுக்கும் அவ்வளவு தூரம்தான்" என்று அம்மா சொன்னார். "இங்க வெட்ட ஒண்டும் இல்ல, நாங்கள் வெட்டிப்போட்டம். வாங்கோ, மேல போவம்."

போவதற்கு முன்பு நான் அவர்களை மறித்தேன். கையில் மண்வெட்டி இருந்ததால் பார்க்கக் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கலாம். "முதல் முறை கீழ. அதை இதில நிண்டு சொல்லிப்போட்டு வாங்கோ" என்றேன். தலைவர் காட்டைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், கடைசியில் "ஓம், ஓம், முதல் முறை கீழ" என்றார். எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகுதான் நாங்கள் மேலே போனோம். கதவடிச் சேற்றில் அன்று எல்லோரும் ஒன்றாகத்தான் இறங்கினோம். தலைவரின் வேட்டி நாசமாய்ப் போனது. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

மறுநாள் முன்வாங்குப் பிள்ளை வந்தாள். வாசலில் தயங்கி நின்று, "பிலோ முடிஞ்சுதோ ரீச்சர்?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. இனி மேல, அபவ் துவங்கிட்டன். இடம் இருக்கிற இடத்தில இரு" என்றேன். அவள் தேடிப்போய்ப் பின்வாங்கில் இருந்தாள். ஒரு முறைப்பும் இல்லை, புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கிவிட்டாள். அந்தப் பிள்ளையில் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை.

கதவு திறந்த அன்று நான் சைக்கிளோடு கதவடியில் நின்றேன். மேல்வயல் வாய்கள் எல்லாம் மண்ணும் வைக்கோலும் வைத்துக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றுவிடாமல் போய்ப் பார்த்தேன், சந்தேகப்படுகிறேன் என்று நினைத்தால் நினைக்கட்டும். தண்ணீர் வந்தது. காய்ந்த இலை, வைக்கோல், யாரோ எறிந்த சோடாப் போத்தல் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தது. நான் அதன் பக்கத்திலேயே கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். தலைவர் தன் வரம்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் வயலைத் தாண்டிப் போனது. எங்களுடைய பழைய திட்டியையும் தாண்டிப் போனது. வயல் வயலாக எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். தண்ணீரை யாரும் அதுவரை பார்க்காதது போல இருந்தது அவர்கள் பார்த்தது. பாலைமரத்தடியில் வந்ததும் நான் சைக்கிளில் ஏறி முன்னால் ஓடினேன், அம்மாவுக்குச் சொல்லவேண்டும்.

சொல்லத் தேவை இருக்கவில்லை. அம்மா ஏற்கெனவே மண்வெட்டியோடு வரம்பில் நின்றார். வரம்பில் தண்ணீருக்கு வெட்டும் வாயை நாங்கள் வக்கடை என்போம். அதை வெட்டித் துப்புரவாக்கி, ஒரு கை மண்ணை மட்டும் வைத்து மூடியிருந்தார். தண்ணீரின் தலை வளைவில் தெரிந்ததும் அந்த மண்ணை எடுத்தார். சிறுபோகத் தண்ணீர் எங்கள் வயலுக்குள் போனது. வெடித்த நிலம் சத்தம் போட்டுக் குடித்தது. நான் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தலைவர்தான். இந்தமுறை பாலைமரத்தில் நிறுத்தாமல் கடைசிவரை வந்துவிட்டார். இறங்கி, எங்கள் வரம்புக்கு அந்தப் பக்கம் நின்றார். கூட்டங்களில் அம்மாவை அவர் பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அக்கா" என்றார். "அண்டைக்கு முகாமில, பவுசர் வரிசையில, என்ர பிள்ளைக்காக நீங்கள்... நான் மறக்கேல்ல அக்கா. அதுக்குத்தான் இந்த முறை..."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது நான் விட்டுத் தந்த இடம் தம்பி. இது எங்கட முறை."

சொல்லிவிட்டு, மண்வெட்டியை ஓங்கி வக்கடையை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினார்.